அன்றாட வேலையைக் கோப்பில் எழுதுங்கள்: மென்பொருள் அணித்தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் அணிகளை வழிநடத்தும் நண்பர்களுக்கு,

உங்கள் அணிக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். ரெப்போவை குளோன் செய்து எடிட்டரில் திறந்துவிட்டார். பில்ட் எப்படிச் செய்வது, டெஸ்ட் ஓட்டுமுன் எந்த டேட்டாபேஸைத் தயாராக வைக்க வேண்டும், ஸ்கீமா மாறினால் எந்த ஸ்கிரிப்டைத் திரும்ப ஓட்ட வேண்டும், கமிட் செய்யுமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதை அவர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்? பல அணிகளில் இதற்கான விடை பக்கத்து இருக்கைக்காரரின் டெர்மினல் ஹிஸ்டரியில் இருக்கிறது. இல்லையென்றால் யாரோ எப்போதோ எழுதி, பிறகு ஒருவரும் தொடாமல் விட்ட விக்கி பக்கத்தில் பாதியும், மூத்தவர் ஒருவரின் நினைவில் மீதியுமாகக் கிடக்கிறது. சமையலில் கைப்பக்குவம் என்போமே, அதைப் போல அது ஆளோடு வந்து ஆளோடு போய்விடுகிறது. இந்த நிலையை மாற்றும் பொறுப்பும் அதற்கான அதிகாரமும் உங்களிடம் இருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றாட வேலைகளை எடிட்டருக்குள்ளேயே தானாக நடக்கவைப்பது பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேரக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கமாண்டுக்கு இத்தனை நொடி, நாளைக்கு இத்தனை முறை, ஆண்டுக்கு இத்தனை மணி என்று பெருக்கிக் காட்டுகிறார்கள். கணக்கு தவறில்லை, ஆனால் அது சின்ன ஆதாயம். ஒரு வேலையை எந்திரத்திடம் விட வேண்டுமானால் முதலில் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. பெரிய ஆதாயம் அங்கேதான் இருக்கிறது. எழுதிய கோப்பு கோடோடு சேர்ந்து ரெப்போவில் இருக்கும்போது, இந்த அணியில் வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆவணம் அதுவாகிவிடுகிறது. விக்கி பக்கம் பழசாகிப்போனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. நாள்தோறும் ஓடும் டாஸ்க் பழசாகிப்போனால் அன்றைக்கே உடைந்து தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றவை இதற்கான சான்றுகளும் இதன் மேல் எழும் மறுப்புகளுக்கான பதில்களும்.

இந்த எண்ணம் புதிதன்று. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற கருவியை எழுதினார். சக ஆய்வாளர் ஸ்டீவ் ஜான்சனுக்கு நேர்ந்த ஓர் எரிச்சல் அதற்குத் தூண்டுதலாக இருந்தது. ஒரு காலைப் பொழுது முழுவதையும் அவர் ஒரு பிழையைத் தேடுவதில் வீணாக்கியிருந்தார். உண்மையில் பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பு மட்டும் கம்பைல் ஆகாமல் இருந்தது. ஜான்சன் கற்றுக்குட்டி இல்லை என்பதைக் கவனியுங்கள். யாக், லிண்ட் ஆகிய கருவிகளைப் படைத்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கே கையால் செய்யும் ஒரு சிறு படி தவறிப்போகிறதென்றால், குறை அவரிடம் இல்லை, அந்தப் படியை மனித நினைவிடம் விட்டுவைத்த ஏற்பாட்டில் இருக்கிறது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, எது மாறினால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவிடு, மீதியை எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார் ஃபெல்ட்மன். 2003இல் ஏசிஎம் அமைப்பு இதற்காக அவருக்கு மென்பொருள் விருது வழங்கியது. இன்றும் எண்ணற்ற ரெப்போக்களின் முதல் மட்டத்தில் மேக்ஃபைல் இருக்கிறது.

இந்தக் கோப்பை எடிட்டரோடு இணைத்தபோது இன்னொரு நன்மை பிறந்தது. ஈமாக்ஸில் கம்பைல் என்ற கட்டளையைக் கொடுத்தால் அது மேக்கை ஓட்டி, வரும் பிழைச் செய்திகளைப் படித்து, ஒவ்வொரு பிழைக்கும் உரிய கோப்பின் உரிய வரிக்கு உங்களை நேரே கொண்டுசெல்லும். விம் எடிட்டரின் மேக் கட்டளையும் அதனோடு வரும் குவிக்ஃபிக்ஸ் பட்டியலும் இதையே செய்கின்றன. 1983இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல், எடிட்டரையும் கம்பைலரையும் ஒரே நிரலாக்கி, எழுதுவதற்கும் ஓட்டுவதற்கும் நடுவிலிருந்த இடைவெளியை ஒரு விசையளவுக்குச் சுருக்கியது. அதன் உறவான டர்போ சி வழியாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நிரல் பழகிய தலைமுறைக்கு கண்ட்ரோல் எஃப்9 மறந்திருக்காது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஎஸ் கோட் இந்த மரபில் வந்ததுதான். ஆனால் டர்போ வகைக் கருவிகளுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே விசையை அழுத்தினால் என்ன நடந்தது என்பது கருவிக்குள் மறைந்திருந்தது. இங்கே அது ப்ராஜெக்டின் டாட் விஎஸ்கோட் ஃபோல்டருக்குள் டாஸ்க்ஸ்.ஜேசன் என்ற சாதாரண உரைக்கோப்பாக, யாரும் திறந்து படிக்கும்படி இருக்கிறது.

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்பது பயனுள்ளது. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு பெயர், ஓட்ட வேண்டிய கமாண்ட், எந்த ஃபோல்டரில் ஓட வேண்டும், எந்த என்வைரான்மென்ட் வேரியபிள்கள் வேண்டும் என்பவை அடிப்படை. ஒரு டாஸ்க் இன்னொன்றைச் சார்ந்தது என்றும், சார்ந்தவை ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்றும் எழுதலாம். ஸ்கீமாவிலிருந்து கோட் உருவாக்கும் படி முடிந்த பிறகே பில்ட் தொடங்க வேண்டும் என்ற, புதியவர்கள் வழக்கமாகத் தவறவிடும் வரிசை இங்கே வரியாகப் பதிவாகிவிடுகிறது. ப்ராப்ளம் மேட்சர் என்ற பகுதி, கம்பைலரோ லிண்டரோ துப்பும் வரிகளிலிருந்து கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் பிரித்தெடுத்து எடிட்டரின் பிழைப் பட்டியலில் சேர்க்கிறது. டீபக் தொடங்குமுன் எந்த டாஸ்க் ஓட வேண்டும் என்பதை லாஞ்ச்.ஜேசன் கோப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டால், பழைய பில்டை வைத்துக்கொண்டு, திருத்திவிட்ட பிழையைத் தேடும் அபத்தம், அதாவது 1976இல் ஜான்சன் பட்ட அதே பாடு, அந்த ப்ராஜெக்டில் திரும்ப வராது. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பில்ட். இவ்வளவும் உரைக்கோப்பு என்பதால் கோடைப் போலவே ரிவ்யூவுக்கு வருகிறது. டெஸ்ட் ஓட்டும் கமாண்ட் எப்போது மாறியது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதற்கு கிட் லாகில் விடை கிடைக்கிறது. வாய்வழியாகப் போகும் கமாண்டுக்கு இப்படி ஒரு வரலாறு என்றைக்கும் இருந்ததில்லை.

கையால் செய்யும் படி எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு நைட் கேபிடல் நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெருமளவில் வணிகம் செய்த அந்த நிறுவனம் 2012 ஜூலைக் கடைசியில் எட்டு சர்வர்களில் புதிய கோடைக் கையால் ஏற்றியது. ஏழில் ஏற்றிய தொழில்நுட்பர் எட்டாவதை விட்டுவிட்டார். அதை இரண்டாவதாக ஒருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து நடைமுறையும் அங்கே இல்லை என்பதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் பின்னர் பதிவுசெய்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை, எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் நிறுவனம் இழந்த தொகை 46 கோடி டாலருக்கும் அதிகம். இது எடிட்டருக்குள் நடந்த வேலை இல்லைதான். கோட் ஏற்றும் கட்டத்தில் நடந்தது. ஆனாலும் வேலையின் இயல்பு அதேதான்: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய வேண்டிய, முடிவெடுக்க எதுவும் இல்லாத, அதனாலேயே மனம் விலகிப்போகிற வேலை. அப்படிப்பட்ட வேலையில் மனிதர் தவறுவார். திறமையானவரும் தவறுவார். அவரைக் கடிந்துகொள்வதால் அடுத்த தவறு தடைபடாது.

எடிட்டருக்குள் உடனே பலன் தருவது சேவ் செய்யும்போதே கோடை ஒழுங்குபடுத்தும் வசதி. 2009இல் கோ மொழி வெளிவந்தபோதே ஜிஓஎஃப்எம்டி என்ற கருவியும் உடன் வந்தது. டேபா, ஸ்பேஸா, அடைப்புக்குறி எந்த வரியில் என்ற விருப்பங்களையெல்லாம் அது யாரிடமும் கேட்பதில்லை. எல்லோருடைய கோடையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் 2017இல் வந்த ப்ரிட்டியரும் பைத்தானில் 2018இல் வந்த பிளாக்கும் இதே வழியில் நடக்கின்றன. இதன் பெரும்பயன் அழகன்று. ரிவ்யூவில் இடைவெளி பற்றிய விவாதம் ஒழிந்து, கோட் செய்வது சரியா என்ற ஒரே கேள்விக்கு இடம் கிடைக்கிறது. இளையவர் ஒருவரின் முதல் புல் ரிக்வெஸ்ட்டில் இருபது கருத்துகள் விழுந்து, அத்தனையும் கமாவையும் இடைவெளியையும் பற்றியவையாக இருந்தால் அவர் கற்பது ஒன்றுமில்லை. பழைய ரெப்போவில் இதைத் தொடங்கினால் ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே கமிட்டில் மாறி, கிட் பிளேம் பயனற்றுப்போகும் என்று தயங்குகிறீர்கள் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் மாற்றத்தைத் தனிக் கமிட்டாகச் செய்து, அதன் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை கிட்டுக்குச் சுட்டிக்காட்டினால், பிளேம் அதைத் தாண்டிப் பார்க்கும். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

இனி மறுப்புகள். இவற்றையெல்லாம் எழுதி வைக்க ஆகும் நேரத்தில் கையாலேயே பலமுறை செய்துவிடலாமே என்பது முதலாவது. ஒரு முறை மட்டும் செய்யும் வேலைக்கு இது உண்மை. அதை எழுதவே வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் தம் ஒருவரின் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். டாஸ்க் கோப்பை ஒருவர் எழுதுகிறார், அணி முழுவதும் ஓட்டுகிறது, இனி வரப்போகிறவர்களும் ஓட்டுவார்கள். தவிர, கமாண்டைத் தேடி டெர்மினலுக்குப் போய்த் திரும்பும் நொடிகளைவிட, அந்த நொடிகளில் கலைந்துபோகும் சிந்தனை பெரிய இழப்பு. சிக்கலான ஒரு பிழையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் நாம் காப்பாற்ற வேண்டியது அந்தப் பிடியைத்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. விசையை அழுத்தினால் எல்லாம் நடந்துவிடும் என்றால், உள்ளே நடப்பதை இளையவர் எப்போது கற்பார்? பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் லிசேன் பெய்ன்பிரிட்ஜ் 1983இல் ஆட்டோமேட்டிக்கா இதழில் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலை ஆலைகளை முன்வைத்துப் பேசுகிறது. எளிய வேலைகளை எந்திரம் எடுத்துக்கொள்ளும்போது கடினமானவை மனிதரிடம் மிஞ்சுகின்றன. அவற்றைச் சமாளிக்கத் தேவையான பயிற்சியோ எளிய வேலைகளோடு சேர்ந்து போய்விடுகிறது என்பது அவர் வாதம். அது சரியான எச்சரிக்கை. கண்ட்ரோல் எஃப்9 மட்டும் பழகி, கம்பைல் வேறு லிங்க் வேறு என்பதே தெரியாமல் வேலைக்கு வருவது அந்தப் பயிற்சி இழப்பின் விளைவுதான். ஆனால் அந்த எச்சரிக்கை மறைத்துவைக்கும் தானியக்கத்துக்குப் பொருந்தும் அளவுக்கு, எழுதிவைக்கும் தானியக்கத்துக்குப் பொருந்தாது. விஎஸ் கோட் ஒரு டாஸ்க்கை ஓட்டும்போது எந்தக் கமாண்டை ஓட்டுகிறது என்பதை டெர்மினலின் முதல் வரியிலேயே காட்டுகிறது. புதிதாக வருபவருக்கு முதல் நாள் கொடுக்க வேண்டிய பாடப்புத்தகமே அந்த டாஸ்க் கோப்புதான். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அவரை விளக்கச் சொல்லுங்கள்; ஒவ்வொரு கமாண்டையும் ஒருமுறையாவது கையால் ஓட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு விசையைக் கொடுங்கள். கற்ற பிறகும் நாள்தோறும் தட்டிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் அறிவு கூடுவதில்லை.

ஒருவர் விம், ஒருவர் ஈமாக்ஸ், மற்றவர்கள் விஎஸ் கோட் என்று இருக்கும் அணியில் ஓர் எடிட்டரின் கோப்பை எப்படித் திணிப்பது என்று கேட்கிறீர்கள். திணிக்கவே கூடாது. வேலையின் சாரத்தை எடிட்டர் கோப்பில் எழுதாதீர்கள். மேக்ஃபைலிலோ, என்பிஎம் ஸ்கிரிப்டுகளிலோ, ஷெல் ஸ்கிரிப்டிலோ எழுதுங்கள். எடிட்டரின் கோப்பு அதை அழைக்கும் மெல்லிய வாசலாக மட்டும் இருக்கட்டும். அப்போது சிஐ சர்வரும் அதே கமாண்டைத்தான் ஓட்டும். என் கணினியில் ஓடுகிறதே என்ற பழைய சச்சரவு பெருமளவு அடங்கும். ஈமாக்ஸின் கம்பைலும் விம்மின் மேக்கும் வேறு எதுவும் சொல்லாவிட்டால் மேக்கைத்தான் ஓட்டுகின்றன. விஎஸ் கோட் பேக்கேஜ்.ஜேசனில் உள்ள ஸ்கிரிப்டுகளைத் தானே கண்டெடுத்து டாஸ்க்குகளாகக் காட்டுகிறது. பெயர் மாற்றுவது, வரையறைக்குத் தாவுவது போன்றவையும் இனி ஓர் எடிட்டரின் தனிச்சொத்து இல்லை. 2016இல் மைக்ரோசாஃப்டும் ரெட் ஹாட்டும் கோடென்வியும் சேர்ந்து அறிவித்த லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால் அவற்றைப் பொதுவாக்கிவிட்டது. நியோவிம் 2021 முதலும் ஈமாக்ஸ் 2023 முதலும் அதைத் தம்முள்ளேயே கொண்டிருக்கின்றன.

பாதுகாப்பு பற்றிய கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் நானே எழுப்ப வேண்டும். ரெப்போவில் உள்ள ஒரு கோப்பு கமாண்டை ஓட்டும் என்றால், அந்நியர் தரும் ரெப்போவும் ஓட்டும். ஃபோல்டரைத் திறந்தவுடன் ஓடும்படி டாஸ்க்கை எழுத விஎஸ் கோடில் வழி இருக்கிறது. விம்மில் 2019இல் வெளிப்பட்ட மோட்லைன் ஓட்டையில், திட்டமிட்டு எழுதப்பட்ட ஓர் உரைக்கோப்பைத் திறந்ததே கணினியில் கமாண்ட் ஓடப் போதுமானதாக இருந்தது. 2021இல் விஎஸ் கோட் கொண்டுவந்த ஒர்க்ஸ்பேஸ் ட்ரஸ்ட் இதற்கான தடுப்பு. இந்த ஃபோல்டரை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று அது கேட்கும்போது பழக்கத்தில் ஆம் என்று அழுத்திவிடுவது, வீட்டுக்கதவைத் திறந்துபோடுவதற்குச் சமம். உங்கள் அணியில் இரண்டு விதிகள் வையுங்கள்: திறந்தவுடன் தானாக ஓடும் டாஸ்க் எதுவும் ரெப்போவுக்குள் வரக்கூடாது, டாஸ்க் கோப்பில் வரும் எந்த மாற்றத்தையும் கோட் மாற்றத்தைவிடக் கூர்ந்து படிக்க வேண்டும்.

எடிட்டருக்குள்ளேயே ஏஐ உதவியாளர் வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு, அதனிடம் சொன்னால் செய்யாதா என்ற கேள்வி அண்மைக்காலத்தது. செய்யும். ஆனால் இன்று ஒரு கமாண்டும் நாளை வேறொரு கமாண்டும் ஓட்டக்கூடும். ஒரே மாதிரி நடக்க வேண்டிய வேலைக்கு அந்த நெகிழ்ச்சி பலவீனம். எழுதிய டாஸ்க் இருந்தால் உதவியாளரும் அதையே ஓட்டும், மனிதரும் அதையே ஓட்டுவார்; எது சரியான டெஸ்ட் என்பதில் இருவருக்கும் ஒரே அளவுகோல் இருக்கும்.

எல்லாவற்றையும் தானாக்கிவிடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில், இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்த ஒரு பொறியாளர் முதன்மை சர்வரின் தரவை டெர்மினலில் அழித்துவிட்டார். காப்புநகலிலிருந்து மீட்கலாம் என்று பார்த்தபோதுதான் தெரிந்தது: தானாக நடந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நம்பியிருந்த பேக்கப், கருவியின் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் விட்டிருக்கிறது. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டதால்தான் நாம் இதிலிருந்து இரண்டைக் கற்க முடிகிறது. ஓசையில்லாமல் தோற்கும் தானியக்கம் தானியக்கமே இல்லாததைவிட ஆபத்தானது. எடிட்டருக்குள் ஓடும் டாஸ்க்கின் நன்மை இங்கே தெளிவாகிறது, அது தோற்றால் கண்ணெதிரே சிவப்பாகத் தோற்கும். இன்னொன்று, திரும்பப் பெற முடியாத செயல்களை எளிதாக்கக் கூடாது. அழிப்பது, ப்ரொடக்‌ஷனில் கை வைப்பது, மெர்ஜ் செய்ய முடிவெடுப்பது, கமிட் செய்தியில் ஏன் என்பதை எழுதுவது ஆகியவை மனிதர் நின்று யோசிக்க வேண்டிய இடங்கள்; அங்கே ஒற்றை விசை வேண்டாம்.

வேகமும் முக்கியம். சேவ் செய்யும்போது ஓடுவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டும். கமிட் செய்யும்போது முழு டெஸ்ட்டையும் ஓட்டிப் பல நிமிடம் காக்கவைத்தால், நோ வெரிஃபை என்ற சொல்லைச் சேர்த்து அதைத் தாண்டிப்போக அணி விரைவிலேயே பழகிவிடும். ஒருமுறை பழகினால் திருத்துவது கடினம். நீண்ட டெஸ்டுகளை சிஐக்கு விடுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: கிட் ஹுக்குகள் குளோன் செய்யும்போது கூடவே வருவதில்லை. ஒருவர் தம் கணினியில் வைத்த ஹுக் அணிக்குப் பொதுவாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அதையும் ரெப்போவுக்குள் வைத்து, அதை இயக்கும் படியையும் ஒரு டாஸ்க்காக எழுதுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. அடுத்த ஸ்பிரிண்டில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். பில்ட், டெஸ்ட், லிண்ட், ஃபார்மேட், கோட் உருவாக்கம் ஆகிய ஐந்தையும் மேக்ஃபைலில் எழுதி, எடிட்டர் டாஸ்க்குகளாக இணைத்து, ரெப்போவில் சேருங்கள். அந்த வேலையை அணியின் இளையவரிடம் தள்ளிவிடாதீர்கள். வேறு யாருக்கும் தெரியாத படிகளெல்லாம் உங்கள் நினைவில்தான் இருக்கின்றன. ஆகவே முதல் புல் ரிக்வெஸ்ட்டை நீங்களே எழுதுங்கள். அதைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று ரிவ்யூ செய்யும் பொறுப்பை, அணியில் கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர்